தலை எழுப்பும் சத்தம்

பரனூர் சுங்கச்சாவடியில் இடது ஓரச் சந்து வழியாக வெளியேறி, கடைசி கியருக்கு மாறி, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டுவிட்ட ஒரு பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் யாராவது மந்திரம் போட்டு எஞ்சினை ஊமையாக்கிவிட்டால் ஓட்டுபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்பும் ஆசாமிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில், 60, 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதுமே காதில் விழும் சத்தத்தில் எஞ்சினின் பங்கு சிறுத்துப்போகிறது. மிச்சமெல்லாம் காற்று.

மின்சார பைக் வாங்கியவர்கள் முதல் நெடும்பயணத்திலேயே இதைக் கண்டுகொள்வார்கள். தெருவுக்குள் வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் ஓடிய வண்டி, நெடுஞ்சாலைக்கு வந்ததும் பெட்ரோல் வண்டிக்குச் சற்றும் குறையாமல் இரைகிறது. இரைவது வண்டி இல்லை. வண்டிக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் ஓட்டுபவரின் தலை.

ஓடும் காற்றுக்கென்று தனியாகச் சத்தம் கிடையாது. ராட்சத பலூனில் காற்றோடு சேர்ந்து மிதந்து போகிறவர்களைக் கேட்டால், மேலே அப்படியொரு அமைதி என்பார்கள். காற்று எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் பலூனும் போவதால் அங்கே எதன் மீதும் எதுவும் மோதுவதில்லை. காற்றின் வழியில் ஒரு பொருள் குறுக்கே நின்றால்தான் சத்தம் பிறக்கிறது. ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால், ஒரு சுழி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிக் கழன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலும் அதேதான் நடக்கிறது. ஒவ்வொரு சுழி கழலும்போதும் பொருளின் மீது அழுத்தம் ஒரு பக்கம் ஏறி இறங்குகிறது. அழுத்தம் சீராக ஏறி இறங்கினால் அதற்குப் பெயர் ஒலி.

செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878-ல் கம்பிகளைக் காற்றில் சுழற்றிச் சுழற்றி அவை பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பியை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறோம் என்பது பொருட்டே இல்லை. வேகமும் கம்பியின் கனமும் மட்டும்தான் சுருதியைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். கணக்கு மிகவும் எளிது. நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் போதும். உங்கள் பைக்கின் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் காம்பு ஒரு சென்டிமீட்டர் கனம் என்று வையுங்கள். 80-ல் போகும்போது அது நொடிக்கு ஏறக்குறைய 440 முறை சுழிகளைக் கழற்றிவிடுகிறது. மேற்கத்திய இசைக்குழுக்கள் மேடையேறியதும் வாத்தியங்களைச் சுருதி சேர்ப்பதும் இதே 440-க்குத்தான். காசு கொடுக்காமல் கண்ணாடிக் காம்பு அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டே வருகிறது, நமக்குத்தான் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்றால், அதைவிடப் பெரிய இரைச்சல் காதுக்குப் பக்கத்திலேயே உருவாகிறது. ஹெல்மெட் ஒரு கம்பியைப் போல ஒழுங்கான பொருள் இல்லை. வைசரின் விளிம்பு, காற்றுத் துளைகள், தாடைப் பக்கத்து வளைவு, கழுத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே திறந்து கிடக்கும் இடைவெளி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவில் சுழிகள் பிறக்கின்றன. ஒரு சுருதி வருவதற்குப் பதிலாக எல்லாச் சுருதிகளும் ஒன்றாகக் கொட்டுகின்றன. அதில் வலுவானவை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்கள், அதாவது 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒரு உறுமல்.

இங்கிலாந்தின் பாத் நகரில் இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஒரு பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, அதன் காதிலும் ஹெல்மெட்டைச் சுற்றிலும் மைக்குகளை வைத்து, காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். காதுக்குப் போகும் சத்தத்தில் கணிசமான பங்கு, தாடைக்குக் கீழே ஹெல்மெட் திறந்திருக்கும் பகுதியிலிருந்து வருவது தெரிந்தது. காதை ஒட்டிய பஞ்சை எவ்வளவு கனமாக்கினாலும் சத்தம் கீழ்வாசல் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு துணியை நெருக்கமாகக் கட்டினால் இரைச்சல் கொஞ்சம் அடங்குவதாகப் பழைய ரைடர்கள் சொல்வதற்கு இதில் காரணம் இருக்கிறது.

வண்டியின் முன்னால் மாட்டும் கண்ணாடித் தடுப்பு இன்னொரு வேடிக்கை. காற்றைத் தடுக்கத்தான் அதை வாங்குகிறோம். ஆனால் தடுப்பின் மேல்விளிம்பில் உரசிக் கிளம்பும் கலங்கிய காற்று சரியாக ஹெல்மெட்டின் மீது வந்து விழுமானால், தடுப்பே இல்லாத வண்டியைவிட இரைச்சல் அதிகம். கலங்காத காற்று நேராகத் தலையில் அடிப்பது எவ்வளவோ தேவலை. உயரம் சரியாக இருக்கிறதா என்று அறிய, ஆளில்லாத நேர்ச்சாலையில் ஓட்டும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்கலாம். நாலு அங்குலத்தில் சத்தம் ஒரேயடியாக மாறினால் தடுப்பின் உயரம் தப்பு.

வேகத்துக்கு வருவோம். கணக்கு பயமுறுத்துவது இங்கேதான். ஜெட் விமானங்கள் புதிதாக வந்து ஊர்க்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த காலத்தில், பிரிட்டனின் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-ல் ஒரு கோட்பாட்டை எழுதினார். பீறிட்டு வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஒலி ஆற்றல் இரண்டின் எட்டாவது அடுக்கு, அதாவது 256 மடங்காகும் என்றது அது. கர்ல் என்பவர் 1955-ல், குறுக்கே ஒரு திடப்பொருள் நின்றால் கணக்கு எப்படி மாறும் என்று பார்த்தார். அங்கே ஆறாவது அடுக்கு: வேகம் இரண்டு மடங்கு, ஒலி ஆற்றல் 64 மடங்கு. ஹெல்மெட்டுக்கு இதைத் தோராயமாகப் பொருத்திப் பார்த்தால், 80-லிருந்து 100-க்குப் போவது வேகத்தில் வெறும் கால்வாசி ஏற்றம், காதில் கொட்டும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கு மடங்கு. டெசிபெலில் சொன்னால் 6.

6 டெசிபெல் என்பது கேட்பதற்கு அற்பமாக இருக்கும். டெசிபெல் என்ற அளவுகோலே நம்மை ஏமாற்றுவதற்கென்று செய்தது போலத்தான் நடந்துகொள்கிறது. அதில் 3 கூடினால் ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். 3 டெசிபெல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை விட்டுவைக்கின்றன. நான் காதின் பக்கம் நின்று 85-ஐ எடுத்துக்கொள்கிறேன்.

100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 95 டெசிபெல் என்று வையுங்கள். ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட், ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் இது மிகைப்படுத்திய எண் கிடையாது. 95-க்கு அனுமதி 50 நிமிடம்கூட இல்லை. 80-ல் போனால் 89 டெசிபெல், அனுமதி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். 80-ஐத் தாண்டாமல் போனால், காது ஒரு நாளில் தாங்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. 100-லேயே பிடித்துக்கொண்டு போனால் நான்கு நாள் சத்தத்தை மூன்றேகால் மணி நேரத்தில் தின்கிறது. மிச்சப்படும் நேரம் 50 நிமிடம். நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகமும் 80-தான். அதைக் காதுக்காக வைத்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், இருந்தாலும் காதுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

முழுமுகம் மூடும் ஹெல்மெட் போட்டிருக்கிறேனே, அது தடுக்காதா என்று கேட்கலாம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் மண்டை உடையாமல் இருக்க வைத்தது, சத்தத்துக்கு இல்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை ஹெல்மெட் ஓரளவு குறைக்கும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறைய திறந்த கதவு. சில அதிர்வெண்களில் உள்ளிருக்கும் காற்றறை தானும் சேர்ந்து அதிர்ந்து சத்தத்தைக் கூட்டிக்கூடக் கொடுக்கிறது. ‘சத்தமில்லாத ஹெல்மெட்’ என்று கூடுதல் விலைக்கு விற்பவை இரண்டு மூன்று டெசிபெல் குறைத்தால் பெரிது. தலைக்குச் சரியாகப் பொருந்துவதைப் பார்த்து வாங்கினால் போதும்.

இனி காதுக்குள். வெளிக்காதின் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் திறந்தது, மறுபக்கம் செவிப்பறையால் மூடியது. இந்த அளவுள்ள குழாய் 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும் ஒலியை இயல்பாகவே பெருக்கும். செவிப்பறைக்கு அப்பால் மூன்று குட்டி எலும்புகள். கடைசியில் இருக்கும் அங்கவடி எலும்பு உடலிலேயே சிறியது, மூன்று மில்லிமீட்டர்தான். அதற்கும் அப்பால் நத்தையைப் போலச் சுருண்ட காக்ளியா. நீட்டிப் பிடித்தால் 35 மில்லிமீட்டர். அதற்குள் நீளவாட்டில் ஓடும் ஒரு சவ்வின் மீது ஒலி அலையாக நடந்து போகிறது என்பதை, ஹங்கேரித் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த கியார்க் பெகெஷி இறந்தவர்களின் காதுகளைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார். 1961-ல் நோபல் பரிசு வாங்கினார். வாசல் பக்கம் உயர்ந்த சுருதி, உள்ளே போகப்போகத் தாழ்ந்த சுருதி என்று ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.

அந்தச் சவ்வின் மீது வரிசை கட்டி நிற்பவை மயிர்ச்செல்கள். உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. உள்வரிசைதான் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வெளிவரிசையின் வேலை இன்னும் விசித்திரமானது: ஒலிக்கேற்பத் தானே நீண்டு சுருங்கி, மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. நள்ளிரவில் பக்கத்து அறையில் சுவர்க்கடிகாரம் நகர்வது நமக்குக் கேட்பது இந்தப் பெருக்கத்தால்தான். பெருஞ்சத்தத்தில் முதலில் அடிபடுபவையும் இவைதான். அளவுக்கு மீறி உழைக்கும் செல்களுக்குள் கழிவு வேதிப்பொருட்கள் சேர்ந்து, தலையில் இருக்கும் நுண்மயிர்கள் சாய்ந்து, கொஞ்சம் அடிபட்டால் ஓய்வில் தேறுகின்றன, நிறைய அடிபட்டால் சாகின்றன. நீண்ட பயணம் முடிந்து இறங்கியதும் காது அடைத்தாற்போல இருந்து, ‘ங்கொய்’ என்று ஒரு ரீங்காரம் ஓடுவது அந்த அடியின் அறிகுறி.

கோழிக்குஞ்சின் காதில் செத்த மயிர்ச்செல்களுக்குப் பதிலாகப் புதியவை முளைக்கின்றன என்று 1980-களில் கண்டுபிடித்தபோது ஆய்வுலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மீனுக்கும் முளைக்கிறது. பாலூட்டிகளின் காக்ளியாவில் அந்த வரம் இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் முதலும் கடைசியும்.

காது கேட்கும் பரிசோதனையில் இதன் தடம் வினோதமாகத் தெரியும். தாழ்ந்த ஒலியெல்லாம் நன்றாகக் கேட்கும், 8000 ஹெர்ட்ஸும் சுமாராகக் கேட்கும், 4000 வாக்கில் மட்டும் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். காதுக்குழாய் 3000-ஐப் பெருக்குகிறது, சேதம் அதற்குச் சற்று மேலே இறங்குகிறது என்பது முக்கியக் காரணம். அந்தப் பள்ளத்தோடு வாழ்பவருக்கு மனிதர்கள் பேசுவது கேட்கும். எதிரில் இருப்பவர் சொன்னது ‘கட்டி’யா ‘சட்டி’யா ‘தட்டி’யா என்றுதான் பிடிபடாது. மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றுதான். பிரித்துக் காட்டும் முதல் மெய்யொலியின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. “நீ முணுமுணுன்னு பேசுறே” என்று அவர் மற்றவர்கள் மீது குறை சொல்வார்.

சோதனையில் பள்ளமே விழாதவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளுக்கு இரண்டு மணி நேரம் பெருஞ்சத்தம் கொடுத்தார்கள். எலிகளின் கேட்கும் திறன் சில நாட்களில் பழையபடி திரும்பியது. 2009-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: உள்ளே பார்த்தால் மயிர்ச்செல்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன, ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில் சில இடங்களில் பாதி வரை போய்விட்டிருந்தன. மனிதர்களில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் நடக்கிறது. அமைதியான அறையில் நன்றாகக் கேட்டு, கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேசுவது பிடிபடாமல் தவிப்பவர்கள் சிலருக்கு இது காரணமாக இருக்கலாம்.

மருந்து ஒன்றும் கிடையாது, தடுப்பு மலிவு. பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்துக்கடைக்காரர் 1907-ல் மெழுகையும் பஞ்சையும் பிசைந்து காதடைப்பான் விற்க ஆரம்பித்தார். எழுத்தாளர் காஃப்கா அதன் வாடிக்கையாளர். அமுக்கினால் சுருங்கி, விட்டால் மெதுவாக உப்பும் நுரைப்பஞ்சு காதடைப்பானை 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் உருவாக்கினார். அந்த ‘மெதுவாக’தான் விஷயம். உடனே உப்பினால் காதுக்குள் நுழையாது.

ஒரு டீ, வடைக் காசுக்கு ஒரு ஜோடி கிடைக்கும். அதை நுழைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் உருட்டி, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். பிளக்கை உள்ளே செலுத்தி அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பி நிறையும்போது வெளிச்சத்தம் திரை விழுவதுபோல மெல்ல அடங்குவது கேட்கும். பெட்டியில் 32 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருந்தால், நிஜத்தில் பாதியை எதிர்பாருங்கள். பாதியே போதும். 95-ல் 15 போனால் 80, காதுக்குப் போகும் ஆற்றல் முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

காதை அடைத்துக்கொண்டு ஓட்டினால் பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்காதே என்பதுதான் எல்லோரும் சொல்லும் ஆட்சேபம். கார்ல் கிரைட்டர் என்ற ஆய்வாளர் 1946-லேயே இதைச் சோதித்துப் பார்த்தார். பெரும் இரைச்சலுக்கு நடுவே, காதடைப்பான் போட்டவர்கள் பேச்சைப் போடாதவர்கள் அளவுக்கு, சில சமயம் அவர்களைவிட நன்றாகவே புரிந்துகொண்டார்கள். பிளக் இரைச்சலையும் குறைக்கிறது, ஹார்னையும் குறைக்கிறது. இரண்டுக்கும் இடையேயான விகிதம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது காதின் நிலைமை. தாழ்ந்த உறுமல் மிகவும் வலுவாக இருக்கும்போது, காக்ளியாவின் சவ்வு தன் உயர்சுருதிப் பகுதி வரை சேர்ந்து குலுங்கி, அங்கே கேட்க வேண்டிய ஒலிகளையும் மூடிவிடுகிறது. உறுமலைக் குறைத்தால் இந்த மூடல் அதைவிட வேகமாகக் குறைகிறது. சங்கிலி தளர்ந்த ஓசை, பின்னால் வரும் டயரின் உராய்வு, இண்டிகேட்டரின் டிக்டிக் எல்லாம் நெடுஞ்சாலை வேகத்தில் பிளக்கோடுதான் தெளிகின்றன.

இது நெடுஞ்சாலைக்கு மட்டும். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கு இந்த லாபம் கிடைக்காது. 30 வேகத்தில் ஊருக்குள் ஓட்டும்போது மூட வேண்டிய உறுமலே இல்லை, அங்கே பிளக் இடைஞ்சல். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் இயர்போனைக் காதடைப்பான் கணக்கில் சேர்க்கவே கூடாது. 95 டெசிபெல் காற்றுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதற்கும் மேலே ஒலியை ஏற்ற வேண்டும். ஹெல்மெட் ப்ளூடூத்துக்கும் அதே கதிதான்.

பெட்ரோல் பங்கில் பிளக்கைக் கழற்றாமல் பேசினால் ஒன்று நடக்கும். “ஐந்நூறுக்குப் போடுங்கண்ணே” என்று சொல்பவருக்குத் தன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கும், அதனால் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்துவார். பங்க் ஊழியர் “எவ்வளவு?” என்று திரும்பக் கேட்பார். நாம் பேசும்போது தாடையும் மண்டை எலும்பும் அதிர்ந்து காதுக்குழாயின் சுவரையும் அதிரவைக்கின்றன. வழக்கமாக அந்த அதிர்வு வாசல் வழியாக வெளியே போய்விடும்; வாசலை அடைத்தால் உள்ளே தங்கிச் செவிப்பறையைத் தட்டுகிறது. அதிகமாக அதிர்வது குழாயின் வெளிப்பக்கம், குருத்தெலும்பால் ஆன பகுதி. பிளக் ஆழமாகப் போய் அந்தப் பகுதியை நிறைத்துவிட்டால் முழக்கம் குறையும். ஆகவே பயணம் கிளம்பும் முன் பிளக்கைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். குரல் அளவுக்கு மீறி முழங்கினால் வெளியே எடுத்து, மறுபடி உருட்டி, இன்னும் கொஞ்சம் உள்ளே.